ஆணிக்கோடு போட்ட டம்ளர்

என் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கிறது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஆணியால் கீறிய பெருக்கல் குறி. அதைக் கீறியவர் என் புருஷனுடைய அண்ணன், எனக்கு மூத்தார். எதற்காகக் கீறினார் என்பதையும், அதே டம்ளரில் அவரை நான் ஆறு மாதம் தண்ணீர் குடிக்க வைத்ததையும் எழுதத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பழி வாங்கிய கதை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். அதிலும் பாதி நாள் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு டி.பி. வராமல் எப்படிக் காப்பது என்று கேட்டால், புத்தகம் இல்லாமல் ஒரு மணி நேரம் சொல்லுவேன். இந்த ஜில்லாவில் என்னைவிட அது தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் சிஸ்டர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் புருஷன் லாரி ஓட்டினார். பண்ருட்டியில் லோடு ஏற்றினால் வடக்கே போய்த் திரும்ப இருபது நாள் ஆகும். ஒரு தடவை இருமலோடு வந்தார். மூன்று மாதம் இருமினார். பார்த்த டாக்டர் ஒருவர் பீடி இருமல் என்றார்; இன்னொருவர் டானிக் எழுதினார். எடை குறைகிறதா, ராத்திரியில் வியர்க்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. படுக்கை முழுக்க நனைந்து நான்தான் தினமும் துவைத்துப் போட்டேன்; அது ஒரு நோயின் அடையாளம் என்று எனக்கும் தெரியாது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டையும் ஒன்றாகச் சொன்னார்கள். ரத்தத்தில் எச்.ஐ.வி., நெஞ்சில் டி.பி. பதினோரு நாளில் போய்விட்டார்.

கொண்டுபோனது டி.பி. இதை அழுத்திச் சொல்கிறேன், மிச்சம் எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. எச்.ஐ.வி. காவலை எடுத்துவிடும், உள்ளே வந்து ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் டி.பி.தான். அதை முன்கூட்டியே பிடித்துவிட்டால் சாகத் தேவையில்லை. ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லாமல் என் புருஷன் செத்தார்.

பிறகு எனக்கு ரத்தம் பார்த்தார்கள். எனக்கும் இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் மூத்தார் வாசலில் உட்கார்ந்து, ஒரு ஆணியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு, என் டம்ளரில் அந்தக் குறியைப் போட்டார். வேறு யாரும் தவறி அதில் குடித்துவிடக் கூடாதாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் தள்ளி நிற்க வேண்டும். ஓரகத்தி மேலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். நாற்பது நாள் அப்படிக் குடித்தேன். நாற்பத்தோராம் நாள் என் துணி மூட்டையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு மூத்தார் சொன்னார்:

"டம்ளர எடுத்துக்கினு போயிடு. இங்க யாரும் அதுல குடிக்க மாட்டாங்க."

எடுத்துக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

பண்ருட்டிக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துப் போகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்க வேண்டும். ஒரு வருஷத்தில் அந்தப் பட்டறையில் என்னைவிட வேகமாக உடைத்தவள் கிடையாது. உடைந்த பருப்பு என் கூடையில் ஒன்றுகூட இருக்காது. ஆறு வருஷம் கழித்துக் கடலூர் ஓரத்தில் பண்ருட்டி ரோட்டின்மேல் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டேன். இன்றைக்கு அதில் பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் மாடி வைத்த வீடு. யாருடைய ஒரு செங்கல்லும் அதில் கிடையாது. மூத்தாரின் ஊர் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். கொட்டகையை வேண்டுமென்றேதான் அங்கே போட்டேன். அவர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் போர்டைப் பார்க்க வேண்டும் என்று.

எச்.ஐ.வி. மாத்திரைக்கு நான் போவது சிதம்பரம். கடலூரில் மாத்திரை கொடுக்கும் மையம் இல்லாமலா? இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கடலூர்க்காரர்கள் சிதம்பரத்துக்குப் போவோம், சிதம்பரத்துக்காரர்கள் கடலூருக்கு வருவார்கள். எல்லாரும் ஒரே மாதிரி யோசித்ததால் நடந்தது என்னவென்றால், சொந்த ஊரில் பார்க்கப் பயந்த ஆட்களை எல்லாம் அடுத்த ஊர் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறோம். என் கூடப் படித்தவள் ஒருத்தியை அங்கேதான் நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தேன்.

அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர் கடலூர் முதுநகர்க்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டார், திட்டுவதையும் தவறவிட மாட்டார். நான் சேர்ந்த புதிதில் எனக்கு டி.பி. இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, டி.பி. வராமலிருக்க ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுத்தார். கூடவே கால் மரத்துப் போகாமல் இருக்க ஒரு வைட்டமின் மாத்திரை. இருபது நாள் சாப்பிட்டுவிட்டு விட்டுவிட்டேன். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு மாத்திரை என்று நினைப்பு. சிஸ்டர் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரரு இருமுன இருமல் ஒங்க நெஞ்சுக்குள்ள தூங்கிகிட்டு இருக்கலாம்க்கா. அது எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி கதவச் சாத்தறதுதான் இது" என்றார். புருஷன் பேச்சை எடுத்ததும் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒரு வேளை தவறவில்லை.

அதற்கப்புறம், எச்.ஐ.வி. உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் சார்பாகப் புதன்கிழமை தோறும் அங்கே உதவிக்குப் போக ஆரம்பித்தேன். வேலை சின்னது மாதிரித் தெரியும். வாசலில் நிற்க வேண்டும். இருமுகிறவர்களைக் காதாலேயே பிடித்து, முகமூடி கொடுத்து, மற்றவர்களோடு உட்காரவிடாமல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைக்க வேண்டும். அவர்களுக்கு டோக்கன் கிடையாது, முதலில் உள்ளே போய்விடலாம். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று ஆளைத் தாண்டி வெளியே போகிற மாதிரி பெஞ்சு கிடக்க வேண்டும். அதற்கப்புறம் எடை மெஷின்.

உள்ளே சிஸ்டர் நாலு கேள்வி கேட்பார். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா. எத்தனை வருஷமாக வருகிறவரானாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பார். எங்கள் ஆட்களோ அவர் வாயைத் திறப்பதற்குள் இல்ல, இல்ல, இல்ல, இல்ல என்று நாலு தடவை சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டுவார்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றுவிட்டால் சளி டெஸ்ட், எக்ஸ்ரே, இன்னொரு நாள், இன்னொரு பஸ், வீட்டில் சொல்ல இன்னொரு பொய். அதனால் சிஸ்டர் நேராகக் கேட்க மாட்டார். தலகாணி உறையை எத்தனை நாளைக்கு ஒருக்கா துவைக்கிறீங்க என்பார். போன பொங்கலுக்கு எடுத்த ஜாக்கெட் இப்போ எப்படி இருக்கு என்பார்.

பெல்ட்டைப் பார்க்கிற வழி மட்டும் என்னுடையது. அதைச் சிஸ்டரே எல்லாரிடமும் சொல்லுவார். எடை போடுகிற நாளில் ஆம்பிளைகள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வருவார்கள். உள்ளே ஒரு சட்டை, மேலே ஒரு சட்டை, பையில் இரண்டு போன், சாவிக்கொத்து, வழியில் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வேறு. முள் குறையக் கூடாது என்று. நான் எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொல்லுவேன், கடைசியாகப் பெல்ட்டையும். பெல்ட்டில் கடையில் போட்ட ஓட்டை வட்டமாக இருக்கும். வீட்டில் ஆணி அடித்துப் போட்ட ஓட்டை பிய்ந்து இருக்கும். பிய்ந்த ஓட்டையில் கொக்கி மாட்டியிருந்தால், அந்த ஆள் இளைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி வைத்தார். அந்தப் பழக்கம் ஒரு வீட்டில்தான் நான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்தேன். மூத்தார்.

என் முகத்தில் முகமூடி. தலை நரைத்து, உடம்பு போட்டு, கண்ணாடி வேறு. அவருக்கு என்னைத் தெரியவில்லை. பாண்டிச்சேரியில் ஆறு வருஷமாக மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர், இடம் மாற்றி எழுதி வாங்கி வந்திருந்தார். ஆறு வருஷம். என்னைத் துரத்தியது அந்த வீட்டுக்குள் நோய் வராமலிருக்க. அதற்கு நான் தேவைப்படவில்லை, அவரே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மரியாதையாகத்தான் அவர் அவர் என்று எழுதுகிறேன். அவரை நேரில் மாமா என்று கூப்பிடுவேன். அந்த மரியாதையும் நான் கொடுக்கிற அடியில் சேர்த்திதான்.

வாயில் இருமல் மிட்டாய் வைத்திருந்தார். வாசலுக்கு வருமுன் வண்டி நிறுத்துமிடத்தின் பின்னால் போய் இருமி முடித்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன். பெல்ட்டில் பிய்ந்த ஓட்டை. கைக்கடிகாரம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருமல் எனக்குத் தெரியும். மூன்று மாதம் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

மரத்தடிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. முகமூடி கொடுக்கவில்லை. எடை மெஷினில் போனோடும் சாவியோடும் பெல்ட்டோடும் ஏறினார். எதையும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து சிஸ்டர் கேட்டார்:

"பையெல்லாம் காலி பண்ணிட்டாராக்கா?"

"ஆச்சு சிஸ்டர்."

என் வாயால் சொன்னேன். நாலு கேள்விக்கும் அவர் இல்ல, இல்ல என்றார். தலகாணி உறைக் கேள்விக்கு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். எடை பரவாயில்லாமல் இருந்ததால், ரத்த ரிப்போர்ட் வந்ததும் அடுத்த தடவை தடுப்பு மாத்திரை தொடங்கலாம் என்று சிஸ்டர் எழுதினார். எனக்குத் தெரியும், நோய் ஏற்கெனவே இருக்கிற நெஞ்சுக்குத் தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று. கிருமி அந்த ஒரு மருந்துக்குப் பழகிக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்த மருந்து எடுபடாது. தெரிந்தேதான் நின்றேன். பொய் சொல்வது நீ, சாவதும் நீ. என் புருஷனை யாரும் கேட்கவில்லை. உன்னை மட்டும் நான் ஏன் கேட்க வேண்டும்? அன்றைக்கு மனசு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

மாத்திரை கட்டிக் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்கால பஸ்ஸில் எனக்கு நாலு சீட்டு முன்னால் அவர். மழை என்று எல்லாரும் ஜன்னலை இறக்கிவிட்டிருந்தார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் மிட்டாய் தீர்ந்திருக்க வேண்டும், ஆரம்பித்தார். ஆலப்பாக்கம் வரைக்கும் அடங்கவில்லை. முதலில் ரசித்துக் கேட்டேன். அப்புறம்தான், மதியம் அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று ஞாபகம் வந்தது. புவனகிரிப் பக்கத்துப் பெண், அஞ்சு மாதக் கர்ப்பிணி, எங்களைப் போலவே மாத்திரை சாப்பிடுகிறவள். அந்தப் பக்கத்து மற்றவர்கள் கடலூருக்குப் போக, அவள் மட்டும் தைரியமாகப் பக்கத்திலிருக்கும் சிதம்பரத்துக்கே வருவாள். காலையில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், காற்று வரும் இடம் என்று அந்த பெஞ்சில் உட்கார வைத்தது நான். அவளுக்குப் பக்கத்தில் அவர் உட்கார இடம் விட்டதும் நான்.

ஊருக்கு வந்து சேருமுன் இரண்டு முடிவு எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அவரும் சாகக் கூடாது. செத்துவிட்டால் அவருக்கு நல்லது. வெற்றிலை பாக்கு வைத்து, மாலை போட்டு, பெரிய மனுஷன் என்று சொல்லித் தூக்கிப் போவார்கள். அவர் உயிரோடு இருக்க வேண்டும். இருந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் சிஸ்டருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தார் யார் என்பதையும் மறைக்கவில்லை. நான் முடிக்கிற வரைக்கும் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"நேத்து நான் கேட்டனே. நேத்து ஒங்க வாய்க்கு என்னா ஆச்சு?"

ஹாலில் அவர் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தேன்.

சிஸ்டர் அன்றே வேலையை ஆரம்பித்தார். எடையைத் தப்பாக எழுதிவிட்டோம், இன்னொரு தடவை வந்து போங்கள் என்று மூத்தாருக்குப் போன். முந்தின நாள் அவரோடு ஹாலில் இருந்தவர்களின் டோக்கனைப் பார்த்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். கர்ப்பிணிப் பெண்ணை டாக்டரிடம் காட்டிப் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்ததும் தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள். பிரசவம் வரைக்கும் ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் இருமுகிறாளா என்று நான் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு பை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். வந்து என்னைக் கேட்கட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

மூத்தாருக்குச் சளி டெஸ்ட்டில் டி.பி. என்று வந்தது. ஆறு மாத மருந்து. தினமும் ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சிஸ்டர் கேட்டார். சம்சாரம் வேண்டாம் என்றார் அவர். மகன் வேண்டாம், ஊர் நர்ஸ் வீட்டு வாசலுக்கே வரக் கூடாது. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

நான் கொடுக்கிறேன் என்று சிஸ்டரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் சம்மதிக்கவில்லை.

"ஒங்க கண்ணப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரலக்கா."

"கண்ண எதுக்குப் பாக்கறீங்க சிஸ்டர், அட்டையப் பாருங்க. மாசா மாசம் எண்ணுங்க. ஒரு மாத்திரை கணக்குல இடிச்சாலும் என்னை வெளிய அனுப்பிடுங்க."

மூன்று நிபந்தனை போட்டார். முதலாவது, அவரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. இரண்டாவது, திறந்த வெளியில், முகமூடியோடு, கை எட்டாத தூரத்தில்தான் அவர் நிற்க வேண்டும், எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறதே. மூன்றாவது, மாதா மாதம் அதே நாலு கேள்விக்கு நானும் பதில் சொல்ல வேண்டும். முதல் நிபந்தனைதான் என் நெஞ்சில் கல்லாக விழுந்தது. ஊர் அறியாமல் என்ன பழி? ஆனாலும் தலையாட்டினேன்; இதில் யார் பேரும் இல்லாதது அதனால்தான்.

அதற்கப்புறம் மரத்தடியில் உட்கார்ந்திருந்த மூத்தாரிடம் போய், தள்ளி நின்று, முகமூடியை இறக்கினேன்.

"நான் பாத்துக்கறேன் மாமா. தெனம் காலையில நம்ம கொட்டகைக்கு வந்துடுங்க. போர்டு தெரியுமில்ல?"

அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு வார்த்தை போதாது. கடைசியில் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

பெண்கள் வேலைக்கு வருமுன், காலை ஏழு மணிக்குக் கொட்டகைப் பின்பக்கம். முதல் நாள் மாத்திரையை ஒரு தட்டில் போட்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, திண்டின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே. கையில் எடுத்தார். கட்டைவிரல் அந்தக் குறியின்மேல் பட்டது. திருப்பிப் பார்த்தார்.

"வேற டம்ளர் இல்லியா?"

"இதுதான் இருக்குது மாமா. நல்லா கழுவியிருக்கேன்."

என் வீட்டில் மூன்று டஜன் டம்ளர் இருக்கிறது. குடித்தார். டம்ளரில் எச்.ஐ.வி.யும் ஒட்டாது, டி.பி.யும் ஒட்டாது. டி.பி. காற்றில் வருகிறது. ஒட்டாத டம்ளரில் கோடு போட்ட மனுஷன்தான், ஜன்னல் மூடிய பஸ்ஸில் அத்தனை பேர் மேலும் இருமிக்கொண்டு வந்தார். இதை அவரிடம் தினமும் ஒரு தடவை சொன்னேன். சலிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் முகம் வெளுத்து வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"செவப்பா போவுது. என்னா குடுத்த எனக்கு?"

மருந்தின் நிறம் அது, சிறுநீர் அப்படித்தான் போகும். சிஸ்டர் முதல் நாளே சொன்னார், இவர் காதில் வாங்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன்:

"வெசம் வைக்கிறவ ஒரே நாள்ல வச்சிட்டுப் போவா மாமா. ஆறு மாசம் மெனக்கெட மாட்டா. எறங்கி வாங்க."

வந்தார். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். வாந்தி உண்டா, கால் மதமதப்பு உண்டா என்று கேட்டேன். ஒரு தடவை சாப்பாடு இறங்கவில்லை என்றார். அன்றே சிஸ்டருக்குச் சொல்லி ரத்தம் பார்க்க வைத்தேன். பெற்ற பிள்ளை பார்க்காது அப்படி. அவர் சாகாமல் இருப்பதில் அவர் வீட்டாரைவிட எனக்கு அக்கறை ஜாஸ்தி.

இரண்டு மாதம் முடிந்தது. இருமல் நின்றது, சாப்பாடு ஏறியது. எல்லாரும் தப்பு பண்ணுகிற இடம் அதுதான். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. டி.பி.யைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று என் புருஷனே எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எட்டு மணிக்கு மாத்திரையையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

இருபது வருஷம் கழித்து அந்த வாசல். படியில் ஏறவில்லை. ஓரகத்தி வெளியே வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு... நீயா?"

அவளுக்குப் பின்னால், கதவோரம், மூத்தார். அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் நான் கொட்டை உடைத்தேன் என்று தோன்றியது. இரண்டே வார்த்தை. தெருவில் நாலு பேர் நிற்கிறார்கள். இவருக்கும் அதேதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால் போதும், என் கணக்கு தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அப்புறம் சிஸ்டர் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மிச்சப் பாதி: சொல்லிவிட்டால் இவர் மறுபடி கொட்டகைக்கு வர மாட்டார். மருந்து நிற்கும். நான் காத்து வைத்திருக்கிற ஆள் கைநழுவிப் போவார்.

"மாமாவுக்குக் காச்ச மாத்திரை குடுக்க வந்தேன் அக்கா. அன்னிக்கு பஸ்ஸுல முடியலன்னு சொன்னாரு. கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

பையிலிருந்து டம்ளரை எடுத்துப் படியின்மேல் வைத்தேன். தள்ளி நின்றேன்.

ஓரகத்தி சொம்பைக் கொண்டுவந்து குனிந்தவள், குறியைப் பார்த்துவிட்டாள். கை நின்றுபோனது. அவள் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மூத்தார் வெளியே வந்தார். சொம்பை அவள் கையிலிருந்து வாங்கினார். தாமே அந்த டம்ளரில் ஊற்றி, மாத்திரையை வாங்கி, பெண்டாட்டி எதிரில், தெரு எதிரில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். காலி டம்ளரைப் படியில் வைத்தார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு" என்றேன்.

"வரேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. மருந்து முடிந்த அன்றைக்கு, சளி சுத்தம் என்று ரிப்போர்ட்டோடு வந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பையிலிருந்து புது டம்ளர் ஒன்றை எடுத்தார். கடை ஸ்டிக்கர் கூடப் பிரிக்கவில்லை.

"இத வச்சிக்க. அதக் குடு."

"அது எனக்குக் குடுத்தது மாமா. திருப்பிக் கேக்கக் கூடாது."

புதியதை அங்கேயே திண்டில் வைத்துவிட்டுப் போனார். வேலைக்கு வரும் பெண்கள் அதில் டீ குடிக்கிறார்கள்.

மன்னித்துவிட்டீர்களா என்று சிஸ்டர் ஒரு தடவை கேட்டார். பூசைக்குப் போகிறவர், அப்படித்தான் கேட்பார். இல்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, அட்டையை எண்ணி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

மூத்தார் இன்றைக்கும் மாதம் ஒரு புதன்கிழமை சிதம்பரத்துக்கு வருகிறார். எச்.ஐ.வி. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. என் வாசலும் அவருக்கு ஆயுசுக்கும் உண்டு. செருப்பை அடுக்கி வைப்பார். நான் கேட்பதற்குமுன் போனையும் சாவியையும் மேஜையில் வைப்பார். பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு எடை மெஷினில் ஏறுவார். கொக்கி இப்போது வட்ட ஓட்டைக்கு வந்துவிட்டது. ஆனால் பிய்ந்த ஓட்டை அப்படியே இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"இருமல் உண்டா மாமா?"

இல்லை என்கிறார். நம்பிவிட மாட்டேன். அடுத்தவரைக் கூப்பிடாமல், அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அவரும் மெஷினைவிட்டு இறங்காமல் நிற்கிறார்.